ஆள் இருக்கிற சத்தம்

இந்தக் காலத்து மனுஷர்களுக்குக் கதவைத் தட்டத் தெரியவில்லை. கை இருக்கிறது, கையில் விரல் இருக்கிறது, ஓர் எட்டு வைத்தால் பக்கத்து அறைக் கதவு இருக்கிறது. ஆனாலும் தட்டமாட்டார்கள். மஞ்சள் தாளில் ரெண்டு வரி எழுதி ஒட்டிவிட்டுப் பூனை மாதிரி நழுவிவிடுவார்கள். 'செருப்புச் சத்தம் கேட்கிறது, கவனிக்கவும்.' 'பேனாவைச் சொடுக்குவது தொந்தரவாக இருக்கிறது.' எழுதினவன் பெயர் இருக்காது. கட்டடம் பற்றி எரிந்தாலும், 'தீ, தயவுசெய்து வெளியேறவும்' என்று ஆளுக்கொரு தாளை ஒட்டிவிட்டுத்தான் ஓடுவார்கள் என்பது யோம் தோக்சுவின் அபிப்பிராயம். கேட்க ஆள் இல்லாததால் அதைக் கொதிகலனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைநகரில் தேர்வு எழுதுகிறவர்கள் குவிகிற நோர்யாங்ஜின் மேட்டில் அந்த நான்கு மாடித் தேர்வு விடுதிக்குக் காவல், கொதிகலன், குப்பை, அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாமே அவர்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லோரும் அவரை யோம் தாத்தா என்பார்கள். அறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்தால் கால் மேசைக்கு அடியில் போகும். சுவர் ஒட்டுப்பலகை. அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுத ஒரு வருஷம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். போகும்போது காதோரம் நரைத்திருக்கும்.

மற்ற பாடங்களில் கரையேறினவனையும் இங்கிலீஷ் கவிழ்த்துவிடும். அதிலும் அந்தச் சொற்கள். இங்கிலீஷ்காரனே தன் ஆயுளில் ஒரு தடவை சொன்னால் அதிகம் என்கிற மாதிரிச் சொற்கள். முதலில் சொல்லைச் சொல்ல வேண்டும், அப்புறம் அதற்கு அர்த்தம், அப்புறம் அதை வைத்து ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். புத்தகத்து வாக்கியம் மண்டையில் நிற்காது, கண்ணெதிரே பார்த்ததை வைத்து நீயே ஒன்று கட்டு, உன் குரலிலேயே பதிவு செய்து தூக்கத்திலும் ஓடவிடு என்று கீழே பயிற்சி வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் விடுதி முழுக்க எந்நேரமும் முணுமுணுப்புதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட யோம் தாத்தாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. புரிய வேண்டும் என்றும் அவர் நினைத்ததில்லை. கொதிகலன் உறுமுவது மாதிரி, இதுகளும் உறுமுகின்றன என்று விட்டுவிட்டார்.

அவர் மட்டும் தினமும் ஒரு கதவைத் தட்டுவார். மூன்றாம் மாடியில் 303-க்கும் 305-க்கும் நடுவில் இருக்கிற கதவு. நான்கு என்று சொன்னால் சாவு என்று காதில் விழும், ஆகாது என்று அதில் எண்ணே போடாமல் விட்டிருந்தார்கள்.

தட்டுவதற்குக் காரணம் பியோ குவாங்கில் என்கிற பையன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவன். சாம்சோக்கிலிருந்து வந்தவன், ஒல்லி, சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவி வைக்கிற ரகம். காதில் சீழ் பிடித்து, இயர்போன் மாட்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், கைக்கடக்கமான ஒரு பிளேயரையும் சின்ன ஒலிபெருக்கியையும் சுவர் மின்சாரத்தில் செருகி, தணிவாக ஓடவிடுவான். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் 'ஹ்ம்' என்று தொண்டையைச் செருமுவான். பதிவிலும் அந்தச் செருமல் இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவை அந்தக் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஹ்ம். சொல். அர்த்தம். வாக்கியம். ஹ்ம். காலையிலும் ஓடியது, மத்தியானமும் ஓடியது. பையன் வெறியோடு படிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் வழக்கப்படி தாள் ஒட்டினார்கள். யோம் தாத்தாகூட நடைபாதை துடைக்கப் போனபோது வெளியே நின்று இரண்டு தடவை இருமிப் பார்த்தார். உள்ளே குரல் கேட்டது. ஆள் இருக்கிறான், படிக்கிறான், நமக்கென்ன என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் சூட்டுக் குழாய் கசிகிறதா என்று பார்க்கச் சாவி போட்டுத் திறந்தார். குவாங்கில் மேசையில் தலையைச் சாய்த்திருந்தான். குரல் அவன் தலைமாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாய் அசையவில்லை. இதயம் நின்று நாலைந்து நாளாகியிருக்கும் என்றார்கள்.

அக்காள்காரி வந்து சாம்பலையும் புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு போனாள். பிளேயரையும் ஒலிபெருக்கியையும் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவற்றையும் மெத்தையையும் யோம் தாத்தாவே தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பையில் போட்டார். புது மெத்தை வந்து பிளாஸ்டிக் உறையோடு கட்டிலில் கிடந்தது. அறை பூட்டப்பட்டது.

அன்றிலிருந்து அவருக்குக் குரல்மேல் நம்பிக்கை போய்விட்டது. குரல் கேட்டால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம் இல்லை. முகத்தைப் பார்த்தால்தான் கணக்கு.

அறை இரண்டு குளிர்காலம் பூட்டிக் கிடந்த பிறகு, புத்தாண்டு கழிந்து, உன்சில் என்கிற பெண் வந்தாள். தோங்யோங் கடற்கரைக்காரி, முப்பது வயது இருக்கும், ஆறாவது தடவை எழுதப் போகிறாள். வேறு அறை காலியில்லை. விடுதிச் சொந்தக்காரி போங் அம்மாள் எண் இல்லாத அறையைத் திறந்துவிட்டாள்.

"இதுல எனக்கு முன்னாடி இருந்தவங்க தேறிட்டாங்களா?" வருகிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விதான் அது.

"தேறாம? ஜம்முனு தேறி, காங்வோன் பக்கம் வேலைக்குப் போயிட்டான். ராசியான அறைம்மா. ஒனக்காகத்தான் வச்சிருந்தேன்னு வச்சுக்கயேன்."

உன்சில் மெத்தையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையைக் கையால் அழுத்தினாள். அது நெறுநெறுத்தது. பையை இறக்கி வைத்தாள். யோம் தாத்தா வாசலில் நின்று போங் அம்மாளை முறைத்தார். அவள் கூரையில் எதையோ தேடினாள்.

மறுநாள் காலை அவர் கதவைத் தட்டினார். உள்ளே முணுமுணுப்பு நின்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"என்ன தாத்தா?"

"ஒண்ணுமில்ல. மொகத்தக் காட்டு."

"என்னது?"

"மொகம். பாத்தாச்சு. போய்ப் படி."

நாலு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் கதவில் மஞ்சள் தாள் இருந்தது. அவர் அதைப் படிக்காமல் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு தட்டினார்.

"தாத்தா, காலங்காத்தால இது என்ன வெளையாட்டு? வேற எந்தக் கதவையும் நீங்க தட்டுறதில்ல. நான் பாத்துட்டேன்."

"வேற கதவெல்லாம் எனக்குப் பிடிக்கல."

"இந்தக் கதவு பிடிச்சிருக்கா?"

"இதுவும் பிடிக்கல."

அவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் வருகிற நேரம் தெரிந்து, தட்டும் முன்பே தலையை வெளியே நீட்டி, "இருக்கேன் இருக்கேன்" என்பாள். சில நாள் பல் துலக்கிக்கொண்டே நீட்டுவாள். யோம் தாத்தாவுக்கு அது போதும். முகத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார், கீழே இறங்குவார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் படியேறி வந்தவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். எண் இல்லாத அறைக்குள்ளிருந்து ஆண் குரல் வந்தது.

கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

"ஏய், யாரு உள்ள? ஆம்பிளைய உள்ள வச்சிருக்கியா?"

உன்சில் கதவை முழுக்கத் திறந்தாள். கட்டில், மேசை, அவள். நாலாவது பொருளுக்கு அங்கே இடமே இல்லை.

"இந்த அறையில நான் மூச்சு விட்டாலே செவுத்துல இடிக்குது. ஆம்பிளைய எங்க தாத்தா வைக்கிறது? மேசைக்கு அடியிலயா?" என்று மேசைமேல் இருந்த பிளேயரையும் ஒலிபெருக்கியையும் காட்டினாள். "மேம்பாலத்துக்குக் கீழ பழைய சாமான் கடையில வாங்கினேன். தேறினவரோட குரலாம். சொல்லு, அர்த்தம், வாக்கியம், எல்லாம் இருக்கு. இயர்போன்ல கேட்டா ரொம்பக் கிட்ட வந்துடுறாரு, காதுக்குள்ள ஒக்காந்திருக்கிற மாதிரி. அதான் வெளிய வச்சுக் கேக்குறேன்."

ஒலிபெருக்கியின் விளிம்பில் ஒரு கீறல். அதன்மேல் பச்சை நாடா சுற்றியிருந்தது. அந்த நாடா, குவாங்கில் கேட்டு, அவரே கொதிகலன் அறையிலிருந்து வெட்டிக் கொடுத்தது.

ஹ்ம், என்றது ஒலிபெருக்கி.

யோம் தாத்தா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி, நேரே மேம்பாலத்துக்குப் போனார். பழைய சாமான் கடைக்காரன் கோப்பைச் சோற்றை நின்றுகொண்டே அள்ளித் தின்றுகொண்டிருந்தான்.

"தேறினவன் குரல்னு ஒண்ண வித்திருக்க. யாருடா சொன்னா தேறினவன்னு?"

"காயலான்கடைக்காரன் குடுத்தான் பெரியவரே. நல்லா கணீர்னு இருந்துச்சு. தோத்தவன் குரல் அப்படியா இருக்கும்? பொணம் மாதிரில்ல இருக்கும்."

"வாயக் கழுவுடா."

"எதுக்குக் கோவம்? மார்க் ஷீட்டு வாங்கிட்டா குரல விக்கிறாங்க? இந்த ஊர்ல எல்லாரும் தேறினவனோட பேனா, தேறினவனோட குஷன்னு கேக்குறாங்க. அவ்ளோ பேரு தேறியிருந்தா இங்க ஏன் இத்தன விடுதி?"

யோம் தாத்தா திரும்பி நடந்தார். வந்த வேகத்திலேயே போங் அம்மாளிடம் போய், பெண்ணிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றார். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்த கையோடு எழுந்தாள்.

"தோக்சு அண்ணே, ஒங்களுக்கென்ன புத்தி மழுங்கிடுச்சா? பரிட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நான் சமையக்கட்டுல கடல்பாசி சூப்புகூட வைக்கிறதில்ல, வழுக்கி விழுந்துடுவோம்னு இதுங்க பயந்து சாகுதுங்க. இப்பப் போயி, நீ கேக்குறது செத்தவன் குரல்னு சொல்வீங்களா? அந்தப் பொண்ணு பரிட்சைய விட்டுட்டுக் கெடக்கட்டும்ங்கறீங்களா?"

"பரிட்சை கெடக்கட்டும். பொண்ணு கெடைக்கணும். ஒருத்தன நான் அங்கேருந்து தூக்கியாச்சு."

"அவனுக்கு இதயக் கோளாறு."

"இவளுக்கு இல்லன்னு யாருக்குத் தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

போங் அம்மாள் அரிசிப் பானைக்குத் திரும்பினாள். தேர்வுக்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சாவு என்கிற சொல்லைச் சொல்ல அந்த மேட்டில் யாருக்கும் நாக்கு எழாது. யோம் தாத்தாவுக்கும் எழவில்லை. மறுநாள் காலை உன்சிலிடம், அந்தச் சனியனைத் தூக்கிப் போடு, வேறு ஒன்று நான் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"மாட்டேன் தாத்தா. இவரு சொன்னா எனக்கு நிக்குது."

அவள் இளைத்துக்கொண்டே போனாள். சமையலறைக்கு வந்து சோறு எடுப்பது குறைந்தது. தட்டும் முன்னால் நீண்ட தலை, தட்டிய பிறகு நீண்டது, அப்புறம் இரண்டு தடவை தட்டிய பிறகு நீண்டது. ஒருநாள் அவள் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமினாள். ஹ்ம். இறங்கப் போன யோம் தாத்தா திரும்பினார்.

"சளியா?"

"இல்லையே. ஏன்?"

"ஏன் செருமுற?"

"நானா? செருமினேனா?"

ஏப்ரல் பிறந்தது. ஒரு காலையில் அவர் தட்டுவதற்காகவே காத்திருந்தவள் போல அவள் கதவைத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தாத்தா, இதுல நீங்க வர்றீங்க."

"எதுல?"

"இவரு சொல்ற வாக்கியத்துல. இருங்க, கேளுங்க."

பிளேயர் செருமியது. ஒரு நீளச் சொல். அதற்கு அர்த்தம். பிறகு மெதுவாக ஒரு வாக்கியம்.

"தயக்கம்னு அர்த்தம்" என்றாள் உன்சில். "செய்யணும்னு நெனைப்பு இருக்கும், கை எழும்பாது, அந்தத் தயக்கம். வாக்கியம் என்னன்னா, 'பெரியவர் என் கதவுக்கு வெளியே ரெண்டு தடவை இருமிட்டு, தட்டாமப் போறார்.' நீங்கதானே அது? நீங்க தட்டாமப் போவீங்களா? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

யோம் தாத்தா சிரிக்கவில்லை.

"அடுத்ததும் வேடிக்கையா இருக்கு. சேர்றது, குவியறதுன்னு அர்த்தம். 'என் கதவுல மூணு தாள் சேர்ந்துடுச்சு. மஞ்சள் ரெண்டு, நீலம் ஒண்ணு.' இங்க நீலத் தாள்ல யாரு எழுதறாங்க தாத்தா?"

நீலத் தாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. மஞ்சள் இரண்டு, நீலம் ஒன்று. பிணத்தைக் கொண்டுபோன பிறகு அவரேதான் நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்கு முன்னால் அந்தப் பையன் கதவில் ஒரு தாள்கூட யாரும் ஒட்டினதில்லை. குரல் ஓயாமல் ஓடின நாட்களில் ஒட்டினவை அவை. அவர் இருமினதும் அந்த நாட்களில்தான். அப்போது உள்ளே பதிவு செய்ய உயிரோடு யார் இருந்தார்கள்?

"மறுபடி போடு" என்றார்.

அவள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முன்னால் போனது, பின்னால் போனது, அந்த இடம் வரவில்லை. "இப்பத்தானே வந்துச்சு" என்றாள்.

யாரோ இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள், இவள் நம்மிடம் நாடகம் ஆடுகிறாள் என்று யோம் தாத்தாவுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. குவாங்கில் காலத்திலிருந்து இருக்கிறவன் ஒருத்தன்தான் மிச்சம், 305-இல் இருக்கும் கண்ணாடிக்காரன். நீலத் தாள் ஒட்டினவனும் அவன்தான். சமையலறையில் அவன் கிம்ச்சி ஊறுகாயை வைத்துச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னடா சொன்ன?"

"எந்தப் பொண்ணு?"

"ஒன் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவ."

கண்ணாடிக்காரன் மென்றுகொண்டே யோசித்தான். "அங்க இருக்கிறது பொண்ணா? எப்பவும் ஆம்பிளைக் குரல்தானே கேக்குது."

"எப்பவும்னா? இந்த மாசமா?"

"எப்பவும்தான். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம். செருமிச் செருமிப் படிப்பாரே, அவருதானே?"

"டேய், அந்த அறை ரெண்டு குளிர்காலம் பூட்டிக் கெடந்துச்சுடா. நானே பூட்டினேன்."

"அப்படியா? எனக்கென்ன தெரியும். சத்தம் கேட்டுச்சு, ஆள் இருக்குன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவன் கிண்ணத்தோடு எழுந்துபோனான். கிண்ணத்தைக் கழுவவில்லை.

படித்துப் படித்து மூளை கலங்கினவன் பேச்சை யார் நம்புவது என்று யோம் தாத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து காலையில் மட்டுமல்ல, மத்தியானமும் தட்டினார்.

தேர்வு நாள் விடிந்தது. விடுதி அதிகாலையிலேயே காலியாகிவிட்டது. ஒவ்வொருவரும், தேர்வில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அக்காள், அம்மா கொடுத்தனுப்பிய ஒட்டுப்பிடிக்கிற அரிசி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கினார்கள். யோம் தாத்தா வாசலிலேயே நின்றார். உன்சில் இறங்கவில்லை.

கொதிகலனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடி வந்தார். இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தார். மேலே போனார்.

எண் இல்லாத அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஆண் குரல் இல்லை, அவளுடைய குரல். சொல். அர்த்தம். வாக்கியம். நிற்காமல், ஒரே சீராக.

தட்டினார். குரல் நிற்கவில்லை.

"ஏம்மா, நேரமாச்சு. மொகத்தக் காட்டு."

சொல். அர்த்தம். வாக்கியம்.

"உன்சில். இங்க பாரு, கதவத் தெற."

முன்பு அவள் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டினால் குரல் நிற்கும். இப்போது நிற்கவில்லை. சாவி கீழே கொதிகலன் அறையில் மாட்டியிருந்தது. அவர் சாவிக்குப் போகவில்லை. தோளால் இடித்தார். ஒட்டுப்பலகை விரிந்தது. இன்னொரு இடியில் தாழ்ப்பாள் இருந்த இடமே பிய்ந்து அவரும் கதவும் சேர்ந்து உள்ளே விழுந்தார்கள்.

அறையில் யாரும் இல்லை. போர்வை மடித்திருந்தது. மேசைமேல் பிளேயர், சுவர் மின்சாரத்தில் செருகியபடி, அவள் குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

யோம் தாத்தா மெத்தையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அணைக்கக் கையை நீட்டினார், என்ன நினைத்தாரோ மடக்கிக்கொண்டார். ஒரு சொல்லும் புரியாமல் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அவள் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். எதிரே இருக்கிறவன் திருப்பிச் சொல்வதற்கு விடுகிற இடம் மாதிரி. அந்த இடங்களில் அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வேறு மூச்சு கேட்கிறதா என்று பார்த்தார். தன் நெஞ்சு அடித்த அடியில் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் உன்சில் வந்தாள். உடைந்த கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஓடியது, கையில் கோப்பைச் சோறு இருந்தது.

"நீங்க கொதிகலன் அறைக்குப் போன நேரத்துல எறங்கினேன் போல" என்றாள். "இதக் காட்டணும்னு நின்னு தேடினேன்" என்று தன் முகத்தைத் தொட்டாள்.

"அத ஏன் ஓடவிட்டுட்டுப் போன?" அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கு உசிரு போச்சு."

அவள் கதவுச் சிம்பை ஒதுக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அவருக்காகத்தான். அவரு பதிஞ்சது பாதியிலேயே நின்னுடுது தாத்தா. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் ஒரு நாளைக்கு ஒண்ணுதான், மெதுவா வரும். கதவு, தாளு, இருமலு, பூட்டு. பார்க்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லாதவரு கட்டுன வாக்கியம் அது. புத்தகம் முடியாம எந்திரிக்கமாட்டாருன்னு தோணுச்சு. மீதியெல்லாம் நான் பதிஞ்சுட்டேன். வெளிய பாத்தத வச்சு வாக்கியம் கட்டினேன். கடலு, மீன் மார்க்கெட்டு, ரயிலு."

"தேறினவன்னு சொன்னாங்களே."

"தாத்தா, ஆறு வருஷமா விடுதி விடுதியா சுத்துறேன். தேறினவன் மெத்தைய மாத்தமாட்டாங்க, ராசி போயிடும்னு. தோத்தவன் மெத்தைய வெயில்ல போட்டுத் திருப்பிப் போடுவாங்க. தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு வாங்கறது எப்போன்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். நீங்க இந்தக் கதவ மட்டும் தட்டினப்ப இன்னும் நல்லாத் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சுமா இருந்த? அதையுமா வாங்கிட்டு வந்த?"

"கடையில குரலு கேட்டப்ப, தேறினவரு மாதிரி இல்ல. என்ன மாதிரி இருந்துச்சு."

யோம் தாத்தா மெத்தையிலிருந்து எழுந்தார். பிறகு எரிச்சலோடு, "செத்தவனுக்கு எதுக்கும்மா இங்கிலீஷு?" என்றார்.

"எனக்கு மட்டும் எதுக்குத் தாத்தா?" என்றாள் அவள், சோற்றை அள்ளிக்கொண்டே. "மீன் விக்கப் போற ஊர்ல யாரு என்கிட்ட இங்கிலீஷு பேசப் போறா? தேறினாலும் தேறாட்டியும் இங்க திரும்ப வரமாட்டேன். சாப்பிட்டீங்களா நீங்க?"

அவள் பிளேயரை அவரிடமே கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினாள். யோம் தாத்தா அதைக் கொதிகலன் அறைத் தரையில் வைத்து, சுத்தியலால் நொறுக்கி, இந்த முறை காயலான்கடைக்காரன் கண்ணில் படாமல் சிமெண்டுச் சாந்தில் குழைத்து வடிகால் ஓட்டையில் அடைத்தார்.

கோடையில் முடிவு வந்தது. போங் அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டுப் படி வரைக்கும் ஓடி வந்தாள்.

"அண்ணே, உன்சில் தேறிட்டாளாம். தோங்யோங்லயே வேலையாம். தெனமும் ஒங்க மொகத்தப் பாக்கணும்னு எங்கிட்டச் சொன்னா, என்ன கிறுக்கோ. இப்ப நெசமாவே ராசியான அறை ஆயிடுச்சு பாத்தீங்களா? அந்த மெத்தையத் தொட்டுடாதீங்க. கதவ மட்டும் சரி பண்ணிடுங்க, நாளைக்கே ஆள் வருது."

"மெத்தையில என்ன இருக்கு, பஞ்சு" என்றார் யோம் தாத்தா.

புதுப் பலகையும் கீலும் எடுத்துக்கொண்டு மேலே போனார். கதவை மாட்டினார். தாழ்ப்பாள் பொருந்துகிறதா என்று மூடித் திறந்து மூடிப் பார்த்தார். காலி அறைதான், ஆனாலும் பழக்கதோஷத்தில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய பிறகு தன்மேலேயே கோபம் வந்து, சுத்தியலை இடுப்பில் செருகினார்.

ஹ்ம், என்றது உள்ளே.

அவர் அசையாமல் நின்றார். செருமலுக்குப் பின்னால் சொல் வரும். வரவில்லை. அந்தப் பெண் விட்டிருந்ததைப் போல வெறும் இடம்தான் நீண்டது. யாரோ எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

"கொழாய்" என்றார் யோம் தாத்தா சத்தமாக. "சூட்டுக் கொழாய்."

கொதிகலனைக் கழுவுவதற்காக அன்று காலைதான் எல்லா மாடிக் குழாய்களிலிருந்தும் தண்ணீரை வடித்திருந்தார். குழாய் இல்லையென்றால் 305. அந்தக் கண்ணாடிக்காரன் தேறாமல் இன்னும் கிடக்கிறான், அவன்தான் செருமுகிறான். அவன் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தபோது யோம் தாத்தா ஏற்கெனவே படியில் இருந்தார். எவன் கண்டது, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்திருப்பான், இந்தக் காலத்தில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, கீழே கொதிகலனைக் கழுவப் போனார்.